பாலைவனத்துக் குயியும் ஊர்ப் பொது ஈரமும்

எனது சர்க்கிளைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நிலக்கடலை விதைநேர்த்தியைப் பற்றிப் பேசும்பொருட்டு ஒரு நாள் குடியானவர்களைக் கூட்டியிருந்தேன். விதையைப் பற்றிய பேச்சு கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தி வரையில் நடந்ததெல்லாம் கிணற்று வழக்குத்தான். ஊருக்கு மேற்கேயுள்ள ஓடைக்கரையில் ஒரு மிராசுதாரர் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட ஏற்பாடு செய்திருந்தார். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் அதை ஆட்சேபித்தார்கள். அவர் எழுந்து, "ஐயா, நிலம் என்னுடையது, பட்டா என் பேரில் இருக்கிறது, செலவும் என் கைப்பணம். என் நிலத்தில் நான் கிணறு போடுவதற்கு ஊராரை எதற்காகக் கேட்க வேண்டும்? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்" என்று என்னைக் கேட்டார்.

அன்று நான் சரியான விடை சொல்லவில்லை. சொல்லுவதற்கு எனக்கு வாயும் இல்லை. ஏனென்றால், சில வருஷங்களுக்கு முன்பு வேறொரு கிராமத்தில், ஒரே ஓடைச் சரிவிலிருந்த மூன்று கிணறுகளில் நடுக்கிணற்றுக்காரருக்குப் பக்கத்துளை போடும்படி யோசனை சொன்னவன் நான். பாறையில் நாற்புறமும் துளையிட்டதும் ஊற்று பெருகிற்று. இரண்டு ஏக்கருக்குப் பாய்ந்த கிணறு நான்கு ஏக்கருக்குப் பாய்ந்தது. அதை எனது மாதாந்தர ரிப்போர்ட்டில் பெருமையாக எழுதினேன். இரண்டாவது கோடையில் கீழண்டைக் கிணறு வற்றியது. அதற்கடுத்த கோடையில் மேலண்டைக் கிணறும் வற்றி, அதை நம்பியிருந்த வெற்றிலைக் கொடிக்கால் கருகிப்போயிற்று. மூவரும் பங்காளிகள். இன்றுவரை ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதில்லை. நான் பெருக்கியதாக எழுதிய நீர் அண்டைக்காரருடைய கிணற்றிலிருந்து இடம் மாறிய நீரே என்பது எனக்கு அப்பொழுது புலப்படவில்லை. டிப்ளமா வகுப்பில் ஊற்றைப் பெருக்கும் வழியைக் கற்பித்தார்கள். அவ்வூற்று யாருடையது என்று கேட்கக் கற்பிக்கவில்லை.

அந்த மிராசுதாரருடைய கேள்விக்கு விடை, நமது பிராந்தியத்தைக் காட்டிலும் பல மடங்கு நீர் வறண்ட ஒரு சீமையில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அது ராஜஸ்தான் மாநிலத்து மேற்குப் பகுதியாகிய தார் பாலைவனம். அங்குள்ளவர்கள் கிணற்றை எவ்வாறு வெட்டுகிறார்கள், யாரைக் கேட்டு வெட்டுகிறார்கள் என்பதை விவரமாகத் தெரிந்துகொள்வது கிணற்றுப் பாசனக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

மூன்று வகை நீர்

ஜெய்சல்மேர் ஜில்லாவில் வருஷத்திய சராசரி மழை சுமார் 7, 8 அங்குலந்தான். இராமநாதபுரம் ஜில்லாவை வறண்டதென்று நாம் சொல்லுகிறோம். அங்கே சராசரியாக 30 அங்குலத்துக்குக் குறையாமல் பெய்கிறது. தார் பிரதேசத்து ஜனங்கள் நீரை மூன்று வகையாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். மழையாக விழுந்து குளத்திலோ தொட்டியிலோ தேங்குவது பாலர் பானி. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் கிடைப்பது பாதாள பானி. அது 100, 200 முழத்துக்குக் கீழே கிடப்பதுடன் பெரும்பாலும் உப்பாகவே இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே மணலில் தங்கியிருக்கும் ஈரத்துக்கு ரேஜாணி பானி என்று பெயர். மழையை நாம் அங்குலத்தால் அளக்கிறோம். அவர்களோ மணலுக்குள் எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கிற்று என்பதைக்கொண்டு, 'ரேஜா' என்ற அளவாலும் கணக்கிடுகிறார்கள். வேருக்கு எட்டிய மழையே மழை என்று எண்ணுகிற குடியானவனுக்கு இவ்வளவு சரியாகவே தோன்றும்.

இந்த மூன்றாவது நீர் நிலைத்து நிற்பதற்குக் காரணம் ஒரு பாறை. சூரு, பிக்கானேர், ஜெய்சல்மேர், பார்மேர் ஜில்லாக்களின் சில பாகங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் கலந்த கெட்டிப் படுகை ஒன்று பட்டைபோல் ஓடுகிறது. பெய்த மழை மணலில் இறங்கி, அப்படுகையால் தடுக்கப்பட்டு, கீழேயுள்ள உப்புநீரோடு கலவாமல் மேலேயே தங்கிவிடுகிறது. அது குளம்போல் தேங்கி நிற்பதில்லை. மணலோடு மணலாக ஈரமாகவே இருக்கும்.

இவ்வளவு வெயிலில் அந்த ஈரம் ஏன் ஆவியாகப் போய்விடவில்லை என்று கேட்கலாம். இரண்டு சட்டிகளை எடுத்து, ஒன்றில் கரிசல் மண்ணையும் மற்றொன்றில் ஆற்றுமணலையும் நிரப்பி, சமமாக நீர் ஊற்றி, பத்து நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள். கரிசல் காயும்போது இறுகி வெடிக்கும். வெடிப்பின் வழியாக அடியிலுள்ள ஈரமும் வெளியேறும். மணலில் மேல் இரண்டு அங்குலம் பொடியாக உலரும். அதன் கீழே விரலை விட்டால் குளிர்ச்சியாக இருக்கும். மணற்குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. ஆகையால் வெடிப்பும் விழுவதில்லை. உலர்ந்த மேல்மணலே போர்வையாகிறது. மானாவாரி நிலத்தில் களைக்கொத்தால் மேல்மண்ணைப் புழுதியாக்கி வையுங்கள் என்று நாங்கள் சொல்லிவருவதும் இதே நியாயத்தைக்கொண்டுதான்.

குயி வெட்டும் முறை

மணல் ஈரத்தை நீராக்கிக் குடிப்பதற்காக வெட்டப்படும் ஒடுக்கமான கிணற்றுக்குக் குயி என்று பெயர். விட்டம் நான்கைந்து முழம். ஆழம் 30 முதல் 60 முழம் வரை. குழி வெட்டியதும் சுற்றியுள்ள மணலிலிருந்து ஈரம் துளித்துளியாகக் கசிந்து அடியில் சேரும். ஒரு பகலும் இரவும் காத்திருந்தால் இரண்டு மூன்று குடம் நீர் கிடைக்கும். குழியை அகலமாக வெட்டினால் அந்தச் சொற்ப நீர் அடிப்பரப்பில் மெல்லியதாகப் பரவி, மொண்டு எடுக்கவும் முடியாமல் போகும். வெயிலும் உள்ளே புகும். ஆகவே கூடியவரையில் ஒடுக்கமாக வெட்டி, வாயை மரப்பலகையால் மூடிவைக்கிறார்கள்.

வெட்டுகிறவர்களுக்குச் செஜாரோ என்று பெயர். நிற்கவே இடமில்லாத குழியில் மண்வெட்டி வீச முடியாதாகையால், குட்டையான பிடியுள்ள சிறு கருவியால் கொத்துகிறார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. மேலே நிற்பவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை வேகமாக வீசி எறிவார்கள். அதனால் புதுக்காற்று கீழே இறங்கி வெப்பக்காற்று மேலேறும். எறிந்த மணல் தலையில் படாதபடி வெட்டுகிறவர் உலோகக் கவசம் ஒன்றைத் தலையில் அணிந்திருப்பார். மணல் சரிந்து மூடிவிடாதபடி வெட்ட வெட்டவே சுவரும் கட்ட வேண்டும். கல்லும் செங்கலும் கிடைக்காத இடங்களில் கீம்ப் என்னும் புல்லைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிச் சுவராக்குகிறார்கள். ஐந்து முழ விட்டமுள்ள குயியில் ஒரு சுற்றுக்கே சுமார் 15 முழக் கயிறு செல்லும். 30 முழ ஆழத்துக்குச் சற்றேறக்குறைய 4,000 முழக் கயிறு வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்தவுடன் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவதோடு உறவு தீர்ந்துவிடுவதில்லை. முற்காலத்தில் பண்டிகைகளிலும் கலியாணங்களிலும் செஜாரோக்களுக்கு மரியாதை உண்டு. அறுவடைக் களத்தில் அவர்கள் பேரில் தனியாகத் தானியம் குவிக்கப்பட்டது. ஏரி மடையைக் காத்த நீர்க்கட்டிக்குக் களத்தில் கொடுத்துவந்த சுதந்திரத்தை நம் பெரியவர்கள் நினைவுகூரலாம்.

யாரைக் கேட்டு வெட்டுவது

இப்பொழுது நமது கேள்விக்கு வருவோம். குயி தனிக் குடும்பத்துச் சொத்து. வெட்டியவர் செலவு, வெட்டியவர் நீர். அதிலிருந்து மற்றவர் எடுப்பதில்லை. ஆயினும் அது அமைவது ஊர்ப் பொது இடத்தில். அந்த இடத்தில் பெய்யும் மழையே வருஷம் முழுவதும் ஈரமாக நின்று எல்லாக் குயிகளுக்கும் ஊறுகிறது. இன்னொரு குயி வெட்டினால் ஈரம் அதிகப்படுவதில்லை. இருக்கிற ஈரம் இன்னொரு பங்காகப் பிரிவதுதான் மிச்சம். ஆகையால் புதிய குயிக்கு ஊர்ச் சமூகத்தின் சம்மதம் வேண்டும். மிகவும் அவசியமானாலன்றி ஊரார் சம்மதிப்பதில்லை.

இவ்வேற்பாட்டிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் என்னுடையது, பாத்திரத்தில் விழுந்த நீரும் என்னுடையது. ஆனால் எத்தனை பாத்திரம் வைக்கலாம் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. சொத்துரிமையை அவர்கள் மறுக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பொதுவில் வைத்தார்கள். ஜெய்சல்மேர் ஜில்லாவிலுள்ள ஓர் ஊருக்கு 'ஆறு இருபது' என்று பொருள்படும் பேர் வழங்கியதுண்டு. அங்கே 120 குயிகள் இருந்தனவாம். கிணறுகளின் எண்ணிக்கையே ஊரின் பேராகிவிட்ட இடத்தில் 121-வது குயியை இரவோடிரவாக வெட்டிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

நீர் எடுப்பது நாளுக்கு ஒரு முறை, மாடு திரும்பும் அந்தி வேளையில். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் குயிகளுக்கு வந்து, மூடியைத் திறந்து, மொண்டு, மீண்டும் மூடிவிடும். பகலெல்லாம் ஊற வேண்டுமென்பதே இதற்குக் காரணமாயினும், இன்னொரு பலனும் உண்டென்பது என் அபிப்பிராயம். யார் எத்தனை குடம் எடுத்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நமது மோட்டார்களோ நடுநிசியில் ஓடுகின்றன. கவலை இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பே ஒரு வரம்பாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பில்லை, விவசாய மின்சாரத்துக்கு நம் மாநிலத்தில் கட்டணமும் இல்லை.

மேட்டு நிலத்தைக் காத்தல்

ஜெய்சல்மேர் பக்கத்தில் விவசாயத்துக்கென்றே ஏற்பட்டது கடீன் என்னும் முறை. சுமார் 15-ஆம் நூற்றாண்டு முதல் பாலிவால் பிராமணக் குடிகள் இதைக் கையாண்டதாகச் சொல்வார்கள். கல்லாங்காடான மேட்டிலிருந்து மழைநீர் சரிந்து வரும் தாழ்வில் நீண்ட மண்கரை ஒன்றைப் போட்டு, மிகுநீர் போகக் கலிங்கும் வைத்துவிடுவது. மழைக்காலத்தில் உள்ளே நீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் நீர் வற்றியதும், அந்த ஈரத்தைக்கொண்டே கோதுமையும் கடலையும் விளைவிப்பார்கள். பிறகு பாய்ச்சல் கிடையாது. இதில் கவனிக்கத்தக்கது, விளைகிற ஒரு ஏக்கருக்கு மேலே பத்து ஏக்கருக்கு அதிகமான மேடு நீர் தருவதற்காகச் சும்மா கிடக்க வேண்டும் என்பதே. அந்த மேட்டை ஒருவர் உழுதுவிட்டால் கீழேயுள்ளவர் கடீன் கெட்டது. குடிநீர்க் குளங்களுக்கும் இதேபோல் ஆகோர் என்ற வரத்துநிலம் உண்டு. செருப்போடு நடப்பதும் அசுத்தம் செய்வதும் அங்கே விலக்கு. நமது ஊர்களில் ஏரியைக் காக்க வேண்டுமென்று பேசுகிறவர்களும் வரத்துக்கால் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேச வாயெடுப்பதில்லை.

கால்வாய் வந்த பிறகு

இப்பழைய ஏற்பாடுகளுக்கு நேர்மாறான ஒரு பெருமுயற்சியும் அதே பாலைவனத்தில் நடந்திருக்கிறது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுமிடத்திலுள்ள ஹரிகே அணையிலிருந்து நீரைக் கொண்டுவரும் ராஜஸ்தான் கால்வாய் 1958-இல் தொடங்கப்பட்டது. பின்னர் அதற்கு இந்திரா காந்தி கால்வாய் என்று பேரிட்டார்கள். ஊட்டுக்கால்வாயும் சேர்த்து அதன் நீளம் சுமார் 650 கிலோமீட்டர். பிரதானக் கால்வாயின் கடைக்கோடியாகிய மோகன்கட்டுக்கு 1987-இல் நீர் போய்ச் சேர்ந்தது. மணற்காடாயிருந்த இடங்கள் பல இன்று கோதுமையும் பருத்தியும் விளைகின்றன. பல ஊர்கள் குடிநீர் பெற்றன. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கால்வாய்ப் பாசனப் பிரதேசத்தில் பல இடங்களில் நிலத்தடியில் கெட்டிப் படுகை இருக்கிறது. அளவுக்கு மேல் பாய்ச்சிய நீர் அதைத் தாண்டி இறங்க முடியாமல் மேலே ஏறி, வேரை அழுகச் செய்து, உப்பையும் மேற்பரப்பில் கொண்டுவந்து விட்டது. குயிகளுள்ள ஊர்களில் இத்தகைய படுகையே நன்னீரைத் தாங்கிக் காத்தது. இரண்டு குடம் கசிகிற இடத்தில் வரமாயிருந்தது, மடை திறந்து பாய்ச்சுகிற இடத்தில் சாபமாயிற்று. நீர் வருவது சர்க்கார் பொறுப்பு, பாய்ச்சுவது என் இஷ்டம் என்று ஒவ்வொருவரும் எண்ணினால், நீர் மிகுந்த ஊருக்கும் கேடு வரும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

அர்வரி ஆற்று ஊர்கள்

பழைய கட்டுப்பாடுகள் அற்றுப்போன இடத்தில் அவற்றைப் புதிதாக உண்டாக்க முடியுமா? பாலைவனத்தின் கிழக்கே, ஆரவல்லி மலையடிவாரத்திலுள்ள அல்வார் ஜில்லாவில் ஒரு முயற்சி நடந்தது. அங்கே மழை சுமார் 25 அங்குலம் பெய்யும்; எனினும் காடு அழிந்து, குளங்கள் தூர்ந்து, 1980-களில் கிணறுகள் வறண்டு, ஆடவர் பலர் பிழைப்புக்கு நகரங்களுக்குப் போய்விட்டனர். தருண் பாரத சங்கத்தைச் சேர்ந்த ராஜேந்திர சிங் என்பவர் 1985-இல் சில நண்பர்களுடன் அங்கே சென்றார். அவர் ஆயுர்வேதம் படித்தவர். வைத்தியமும் கல்வியும் தரலாம் என்பதே அவர் எண்ணம். ஊர்ப் பெரியவர் ஒருவரோ, எங்களுக்கு வேண்டியது தண்ணீர், ஜோஹடைத் தோண்டு என்றார். ஜோஹடு என்பது பிறைவடிவான மண்கரையிட்ட சிறு குளம். முதலில் கோபால்புரா என்னும் கிராமத்தில் வேலை தொடங்கிற்று. ஊர்கூடி இடத்தைத் தீர்மானித்து, செலவில் ஒரு பங்கை உழைப்பாகத் தருவதே முறையாக வைத்துக்கொண்டார்கள். பத்து வருஷத்தில் அர்வரி ஆற்றின் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான கரைகள் எழுந்தன. மழைக்காலத்தில் மட்டும் ஓடிவந்த, சுமார் 45 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு, 1990-களின் நடுவில் வருஷம் முழுவதும் ஓடலாயிற்று. ராஜேந்திர சிங்குக்கு 2001-இல் மகசேசே பரிசு கிடைத்தது.

பரிசைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது இடையில் நடந்த விஷயம். ஆறு ஓடத் தொடங்கியதும் மீன் வந்தது. 1996-இல் சர்க்கார் மீன்பிடி குத்தகையை வெளியார் ஒருவருக்கு விட்டதும், நீரைக் கொண்டுவந்தவர்கள் நாங்களிருக்க ஆறு யாருடையது என்று ஊரார் எதிர்த்து நின்று, குத்தகையை ரத்துச் செய்வித்தார்கள். அவ்வாறு எதிர்த்த பிறகு, தங்களுக்குள் யார் எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி அவர்களையே வந்து பற்றிக்கொண்டது. 1999-இல் சுமார் 70 கிராமங்களின் பிரதிநிதிகள் கூடி 'அர்வரி பார்லிமெண்டு' என்ற சபையை ஏற்படுத்தினார்கள். கரும்பு முதலிய நீர் மிகுதியாகக் கேட்கும் பயிர்களை விலக்குவது, ஆழ்துளைக் கிணறுகளைத் தடுப்பது முதலான விதிகள் வகுக்கப்பட்டன.

இச்சபைக்குச் சட்டபலம் கிடையாது. மீறுகிறவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம், நாணச் செய்யலாம், அவ்வளவுதான். கரை போடுவதில் ஊர் ஒன்றுகூடுவது எளிது. பத்து நாள் உழைத்தால் கண்ணெதிரே நீர் நிற்கிறது. அந்த நீரைக் கண்டதும் புதிதாக மோட்டார் வைக்க முந்துகிறவர்களைத் தடுப்பது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. அதற்குக் கைதட்டுகிறவர்களும் இல்லை. நமது குடிமராமத்திலும் இக்குறை உண்டு. வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்பாதவரைக் கேட்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் செய்தார்கள். கிணற்றைக் கணக்கெடுக்க யாரும் நினைக்கவில்லை. அந்நாளில் கிணறுகள் சொற்பமாகவும் கவலை இறைப்பாகவும் இருந்ததால் அதற்கு அவசியமும் ஏற்பட்டிராது.

நாம் செய்யக்கூடியது

மறுமுறை அக்கிராமத்துக்குச் சென்றபோது குயியின் சங்கதியை மிராசுதாரரிடம் சொன்னேன். "அவர்களுக்கு இரண்டு குடந்தானே, ஐயா? எனக்கு மூன்று ஏக்கர் வாழை இருக்கிறது" என்றார். நியாயமான மறுப்புத்தான். மணல் ஈரத்தின் எல்லை ஊராருக்குத் தெரியும். பாறைக்கடியில் ஓடும் ஊற்றின் எல்லை நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பங்கிட முடியாதாகையால் முதலில் அளக்க வேண்டும். அனந்தபுரம் முதலிய வறண்ட ஆந்திர ஜில்லாக்களில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு 2000-களில் குடியானவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, கணக்கை ஊர்ச் சுவரில் எழுதி, அதைப் பார்த்துப் பருவப்பயிரைத் தீர்மானித்து வந்தார்கள்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையில், மோட்டார் போடுமுன், கிணற்று மேடையில் ஒரே இடத்திலிருந்து விட்டு, நீர்மட்டம் எத்தனையாவது முடிச்சு என்று குறித்துக்கொள்ள வேண்டும். இறைத்த உடனே அளந்தால் கணக்குப் பொய்யாகும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை, மழை நின்ற பின் மார்கழிக் கடைசியில் ஒரு முறை. ஆழ்துளைக் கிணற்றில் கயிறு இறங்காதாகையால், அதே சரிவிலுள்ள திறந்த கிணறு ஒன்றை அடையாளக் கிணறாக வைத்துக்கொள்ளலாம். மழையை அளக்க, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் கோலால் அளந்து கொட்டிவிட்டால் போதும். கிராம அதிகாரிகள் ஒவ்வோர் ஓடைச் சரிவுக்கும் கிணறுகள் எத்தனை, அவற்றுள் வற்றியவை எத்தனை, எந்தப் பயிருக்குப் பாய்கிறது என்று ஒரு ஜாபிதா தயாரித்துக் கொடுத்தால், தை மாதத்தில் கோடைப்பயிர் வைக்குமுன் ஊர் கூடிப் பேசுவதற்கு ஆதாரமிருக்கும். அந்த ஜாபிதா இல்லாத கூட்டத்தில் குரல் பெரியவர் வார்த்தையே செல்லும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேற்படி கிராமத்தில் இவ்வருஷம் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று வேலையைத் தை மாதம் வரையில் நிறுத்திவைக்க மிராசுதாரர் சம்மதித்தார்; அதற்கு மேல் உறுதி சொல்லவில்லை. கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை ஊரார் அவரிடமே ஒப்பித்திருக்கிறார்கள். ஓடைச் சரிவிலுள்ள ஒன்பது கிணறுகளிலும் அவரே சென்று புரட்டாசி அளவை எடுத்து எனக்கு எழுதியனுப்பினார். இரண்டு கிணறுகளில் நீரில்லை. மற்ற ஏழில் மிக மேலான மட்டம் 22 முழம், மிகத் தாழ்ந்தது 41 முழம். தாழ்ந்த கிணறு அவருடையது.